காத்தாயி வளர்த்த ஈரப்பல்லிகள்

பனிக்கொம்பு எஸ்டேட்டில் மெஷின் தின்ற விரல்கள் திரும்ப முளைக்கத் தொடங்கிய வருஷம், மழை வைகாசியில் பிடித்து ஐப்பசி தாண்டியும் விடவில்லை, லைன் வீடுகளின் சுவரில் பாசி ஏறி, பாசியின் மேல் காளான் ஏறி, கொடியில் போட்ட துணி காயாமலே நாறிக்கொண்டிருந்தது, அந்த ஈரத்துக்கு நடுவில்தான் மொக்கராசு ஒரு காலையில் டீக்கடைக்கு வந்து வலது கையால் கிளாஸைப் பிடித்தான். அந்தக் கையில் கட்டைவிரலைத் தவிர மற்ற விரல்களைப் பல வருஷத்துக்கு முன்பே கொழுந்து அரைக்கும் பேக்டரி ரோலர் எடுத்துவிட்டிருந்தது. பெஞ்சில் இருந்த நாங்கள் எல்லாரும் அவன் கையைப் பார்த்தோம். புது விரல்கள் வெளுத்து, ஈரம் கசிந்து, நகமில்லாமல் இருந்தன. "சூடு தாங்கலப்பா" என்று அவன் கிளாஸைக் கீழே வைத்தான். "ஆறட்டும், அப்புறம் குடி" என்றார் கடைக்காரர். அன்றைக்கு அதைப் பற்றி நடந்த பேச்சு அவ்வளவுதான்.

பல்லியைக் கொடுத்தவள் காத்தாயி. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் அவள் ஆயா. எஸ்டேட்டில் பாதிப் பேருக்கு மூக்கு துடைத்து, குண்டி கழுவி, தொட்டில் ஆட்டியவள் என்பதால் மீசை வைத்தவர்கள்கூட அவளை ஆயாம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் கீழ்நாட்டுக்கு லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு போனவன் அங்கேயே வேறொரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டான். மிச்சமிருந்தது ஒரே மகள் ரேணுகா. பிளஸ் டூ முடித்துவிட்டு, நர்சிங் படிக்க இடம் கிடைக்கும்வரை என்று சொல்லி பேக்டரியில் சேர்ந்தவள், படிப்பும் வராமல் வேலையும் விடாமல் ரோலர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். இந்த மலையைவிட்டு மகளை இறக்கிவிட வேண்டும், அது ஒன்றுதான் காத்தாயிக்கு வேண்டியிருந்தது, மாரியம்மனிடமும் அதைத் தவிர வேறொன்றை அவள் கேட்டதில்லை.

காம்பரா அடுப்புக்கு வந்த மட்கிய கட்டை ஒன்றைப் பிளந்தபோதுதான் அவை இருந்தன. பல்லி மாதிரி உருவம், ஆனால் செதில் கிடையாது. தோல் முழுக்க ஈரம், கறுத்த உடம்பில் முதுகு நெடுகத் துரு நிறத்தில் ஒரு கோடு. படித்தவர்கள் சாலமாண்டர் என்பார்கள், அந்த ஜாதி இந்தப் பக்கத்து மலைகளில் கிடையவே கிடையாது என்றும் சொல்வார்கள். கிடையாதது எங்களிடம் இருந்தது, நாங்கள் அதற்கு ஈரப்பல்லி என்று பேர் வைத்துக்கொண்டோம். கட்டையின் பொந்துக்குள் தாய்ப்பல்லி முட்டைக் கொத்தைச் சுற்றிச் சுருண்டு கிடந்தது. இரை தேடப் போகாமல், பட்டினி கிடந்து, தன் தோலின் ஈரத்தாலேயே முட்டைகளை நனைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த காத்தாயிக்குக் கட்டையை அடுப்பில் வைக்க மனம் வரவில்லை.

முதல் ஈட்டுக் குஞ்சுகள் எல்லாம் செத்துப்போயின. தவளைக் குஞ்சு மாதிரி தலைப்பிரட்டையாகத் தண்ணீரில் நீந்தாமல், முட்டையிலிருந்து வரும்போதே நாலு காலும் வாலுமாக, அரிசி நீளத்தில் அச்சு அசலாக வந்த அந்தக் குஞ்சுகளைப் பார்த்துக் காம்பராவுக்கு வந்த பெண்கள் எல்லாரும் மயங்கிப்போய், என் கண்ணே பட்டுவிடும் என்று ஆளுக்கொரு திருஷ்டிப் பொட்டு வைத்தார்கள், ஒருத்தி உச்சியில் சொட்டு விளக்கெண்ணெய்கூட வைத்தாள். ஈரப்பல்லிக்கு நுரையீரல் கிடையாது, தோலால்தான் மூச்சு விடும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? மையும் எண்ணெயும் மூச்சை அடைக்க, எல்லாம் வெயிலில் விழுந்த புழு போலச் சுருண்டன. இத்தனை அன்பையும் தாங்கிக்கொண்டு நம் பிள்ளைகள் எப்படித்தான் பிழைக்கின்றனவோ என்று காத்தாயி சொல்லிவிட்டு, அடுத்த ஈட்டுக்குக் காம்பரா வாசலிலேயே மைக்கிண்ணத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவள் கற்றுக்கொண்டது எல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றது. பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டை போட்டு, நனைத்துப் பிழிந்த பாசியைப் பரப்பி, ஊற்றுத் தண்ணீர் மட்டும் தெளிக்க வேண்டும், குழாய்த் தண்ணீரின் மருந்து ஆகாது. வெறுங்கையால் தொடக் கூடாது, நம் உடம்புச் சூடே அதற்குக் காய்ச்சல். அடுப்புக்கரியை நனைத்து அதில் சோற்றுப் பருக்கையைத் தூவி மூடிவைத்தால் வெள்ளைப் பொடிப்பூச்சி பெருகும், பிறந்த குஞ்சுக்கு அதுதான் பால். கொஞ்சம் வளர்ந்தால் அழுகின வாழைப்பழத்தில் மொய்க்கும் சின்ன ஈ. எல்லாவற்றையும்விட முக்கியம், அடைகிடக்கும் தாயைக் கலைக்கக் கூடாது. டப்பாவை அடிக்கடி திறந்து எட்டிப் பார்த்தால் அது தன் முட்டைகளைத் தானே தின்றுவிடும்.

விரல் போனவன் என்பதால் பேக்டரியிலிருந்து தள்ளப்பட்டு, காம்பராவுக்குத் தண்ணீர் சுமக்கிற வேலையில் இருந்த மொக்கராசு, பொழுது போகாமல் ஒரு குஞ்சைக் கேட்டு வாங்கி வளர்த்தான். குஞ்சு வளர வளர விரல் வளர்ந்தது. பல்லி முழுசானபோது விரலும் முழுசாயிற்று. பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? உள்ளங்கை போனவன், கட்டைவிரல் போனவள், முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லாத ஆறுமுகம் எல்லாரும் காம்பரா வாசலில் வந்து நின்றார்கள். யாருக்கும் காத்தாயி இல்லை என்று சொல்லவில்லை. ஆளுக்கொரு டப்பா கொடுத்து, குழந்தையை ஒப்படைக்கிற மாதிரி நூறு தரம் சொல்லி அனுப்பினாள்.

கொஞ்ச நாளில் எங்களுக்கு அதன் சட்டமும் பிடிபட்டது. குஞ்சாக இருந்தது முதல் யார் கையால் இரை போடுகிறார்களோ அவர்களுக்கே முளைக்கும். நடுவில் பல்லி செத்தாலோ, காட்டில் விட்டாலோ முளைப்பது அந்த இடத்திலேயே நின்றுவிடும், ஆறுமுகத்தின் பேரன் டப்பாவைத் திறந்துவிட்டதால் அவனுக்கு மணிக்கட்டோடு நின்றது. இன்னொன்று, மெஷின் எடுத்தது மட்டும்தான் முளைக்கும். சர்க்கரையில் கால் போனவர் வளர்த்துப் பார்த்தார், ஒரு நகம்கூட வரவில்லை. காய்ச்சலுக்குப் பிள்ளையைக் கொடுத்தவள் ஒருத்தி வளர்த்துப் பார்த்தாள், அழுகைதான் மிச்சம். காத்தாயிக்குப் போன புருஷனும் முளைக்கவில்லை, அதற்காக அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

வந்த கைகளோடு வாழப் பழகினோம். ரேஷன் கடையில் கைரேகை மெஷின் புதுக் கட்டைவிரலை ஒப்புக்கொள்ளவில்லை, அதில் ரேகையே கிடையாது, அதனால் அரிசி வாங்க வீட்டில் பழைய கை உள்ளவர்கள் போனார்கள். மார்கழியில் ஜோசியம் பார்க்க வந்தவர் எங்கள் உள்ளங்கைகளை வரிசையாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனி நடக்கப்போறதுன்னு உங்களுக்கு ஒண்ணும் இல்லையேப்பா" என்று காசு வாங்காமல் போனார். தீச்சட்டி எடுக்க நேர்ந்துகொண்டவர்களுக்குப் புதுக் கை சூடு தாங்காது என்பதால், பூசாரி அவர்களுக்குத் தண்ணீர்க்குடம் போதும் என்று விதி மாற்றினார். புதுக் கைக்காரனைக் கட்டியவர்கள், மார்கழியில் அந்தக் கையைப் போர்வைக்கு வெளியே வைத்துக்கொண்டு படுக்கச் சொன்னார்கள். சிரிப்புக்கும் குறைவில்லை. மனிதனுக்கு எதுவும் பழகும், பழகிவிட்டால் அது இல்லாமல் எப்படி இருந்தோம் என்று கேட்கத் தோன்றும்.

எங்களுக்குப் பழகியது துரைக்கும் பழகியது. எஸ்டேட் மேனேஜர் யாராக இருந்தாலும் நாங்கள் துரை என்றுதான் சொல்வோம், இந்தத் துரை நல்ல மாதிரி, சத்தம் போட மாட்டார். ரோலருக்கு மேலே ஒரு இரும்பு மூடி இருந்தது, கொழுந்து அடைத்துக்கொண்டால் மூடியைத் தூக்க வேண்டும், தூக்கினால் மெஷின் நின்றுவிடும், எடுத்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். மழைக்காலத்தில் கொழுந்து குவிகிற நேரத்தில் அது எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று துரை கவலைப்பட்டார். ஒரு நாள் காலை வந்து பார்த்தபோது மூடி கழற்றப்பட்டு, ஸ்டோர் ரூம் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கை போனால் கொடுக்கிற நஷ்டஈடும் அந்த மாதத்தோடு நின்றது. "நான் என்ன கொடுமைக்காரனா? கை வராதுன்னா மூடியை எடுப்பேனா?" என்றார் துரை. அதில் நியாயம் இருக்கிற மாதிரித்தான் எங்களுக்குப் பட்டது.

அந்தோணியம்மா ஒருத்திதான் சண்டை பிடித்தாள். யூனியனில் பழையவள், கொழுந்துக்கூடையை இறக்காமலே துரையோடு பேசுகிறவள். "முளைக்குதுங்கிறதுக்காக வெட்டுவானா ஒருத்தன்? நாம என்ன முருங்கை மரமாடா?" என்று கேட்டாள். நாங்கள் சிரித்தோம். முருங்கை மரமா என்பது கொஞ்ச நாள் எங்களுக்குள் ஒரு கேலியாகவே ஓடியது, விரல் போனவனைப் பார்த்தால், என்னடா முருங்கை, கிளை வெட்டிட்டாங்களா என்போம். மூடி இல்லாத ரோலரில் விரல்கள் முன்பைவிட அதிகமாகப் போயின. போனால் போகிறது என்று ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு காம்பராவுக்கு நடந்தோம்.

காம்பராவில் மேலே தொட்டில்களும் கீழே டப்பாக்களுமாக இடம் நிரம்பிவிட்டது. கேட்கிறவர்கள் அதிகமானதால் காத்தாயி தாய்ப்பல்லிகளைப் பிரித்து, இருட்டான மூலையில் மண்சட்டிகளில் வைத்து, ஈரச்சாக்கு போட்டு மூடி, ஈட்டுக்கு ஈடு பெருக்கினாள். முட்டைகளில் பூஞ்சை பிடித்ததைத் தாயே தின்று மற்றதைக் காக்கும், நாம் கை வைக்கக் கூடாது என்று வருகிறவர்களை எல்லாம் சட்டிப் பக்கம் அண்டவிடாமல் விரட்டினாள். அவளுக்கு இந்த வேலை பிடித்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மூடி கழன்ற நாளிலிருந்து மகளிடம் மட்டும் அவள் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ரோலர் பக்கம் வேணாம்டி. தூள் சலிக்கிற பக்கம் மாத்திக் கேளு. இல்ல, கீழ போயிரு, சித்தி வீட்ல இருந்து படி."

"எதுக்கும்மா பயப்படுற? எல்லாருக்கும் குடுக்குற, எனக்கு ஒண்ணு குடுக்க மாட்டியா?" என்று ரேணுகா சிரிப்பாள். "ஆயாம்மா மவளுக்குக் கை போனா ரெண்டா முளைக்கும்னு பேசிக்கிறாங்க."

"வாயைக் கழுவுடி" என்பாள் காத்தாயி.

தை மாதத்தில், மழை விட்டு வெயில் அடித்த ஒரு மத்தியானத்தில், அடைத்துக்கொண்ட கொழுந்தைத் தள்ளிவிடக் கையை நீட்டிய ரேணுகாவை ரோலர் தோள்வரை இழுத்தது. மெஷினை நிறுத்தி அவளை வெளியே எடுத்தோம். அவள் முழித்துக்கொண்டுதான் இருந்தாள். கொழுந்துச் சாக்குகளின் மேல் படுக்க வைத்தோம், தோளில் துணியைத் திணித்துக் கட்டினோம். ஜீப் ஷெட்டில் நின்றது, டிரைவர் வாசலிலேயே பீடி குடித்துக்கொண்டிருந்தான், டவுன் ஆஸ்பத்திரிக்கு மலைப்பாதை இறங்கினால் போதும். ஜீப்பை எடு என்று யாருக்கும் வாயில் வரவில்லை. எங்களுக்கு வந்ததெல்லாம், ஓடு, ஆயாம்மாகிட்ட ஒரு டப்பா வாங்கிட்டு வா என்பதுதான். ரேணுகாவும் அதைத்தான் சொன்னாள். "அம்மாகிட்ட சொல்லுங்க, நல்லதாப் பாத்துக் குடுக்கச் சொல்லுங்க" என்றாள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் சிரிக்கவும் பார்த்தாள்.

காத்தாயிக்குப் போய்ச் சொன்னவன் கை போச்சு என்று மட்டும் சொன்னான், தோள்வரை என்று சொல்லவில்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சட்டி சட்டியாகத் தேடினாள். முழுக் கை முளைக்க வேண்டும், நோஞ்சான் குஞ்சு ஆகாது, இரை எடுக்கிற குஞ்சாக, முதுகுக்கோடு அறுந்துபோகாத குஞ்சாக வேண்டும் என்று ஒன்றை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். அன்று பொரிந்த ஈட்டில் துடியான ஒன்றைப் பார்த்து எடுத்து, புதுப் பாசி நனைத்து, டப்பாவை முந்தானையில் மூடி வெயில் படாமல் எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறி வந்தாள். அவள் பேக்டரி வாசலுக்கு வந்தபோது ரேணுகாவின் கண்கள் தகரக் கூரையைப் பார்த்தபடி நின்றுபோயிருந்தன. சாக்குகளை நனைத்து, சிமெண்டுத் தரையில் ஓடி, வாசல் சாக்கடைவரை ரத்தம் போயிருந்தது. காத்தாயி டப்பாவைக் கீழே போடவில்லை. அதை மார்போடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், அவள் போட்ட சத்தத்தில் காம்பராவில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எல்லாம் எழுந்து அழுதன.

ரேணுகாவைப் புதைத்துவிட்டு வந்த அன்று நாங்கள் யாரும் பேக்டரிக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அந்தோணியம்மா பேக்டரி கேட்டில் உட்கார்ந்தாள், அவள் பின்னால் நாங்கள் உட்கார்ந்தோம், முருங்கை என்று கேலி பேசியவர்கள்தான் முன்வரிசையில் உட்கார்ந்தோம். மூடியை மாட்டு, இல்லாவிட்டால் கொழுந்து முற்றி மரமாகட்டும் என்றோம். பறிக்காத செடிகள் மேலே மேலே வளர்ந்து பாதைகள் மறைந்தன. உலையில் அரிசி குறைந்தது, பிள்ளைகளுக்குக் கஞ்சி நீர்த்தது, ஆனாலும் யாரும் அசையவில்லை. துரை கேட்டுக்கு வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போவார். நாளாக ஆக அவர் முகத்தில் தூக்கமில்லாதது தெரிந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு மூடியின் துருவைத் துடைக்கச் சொல்லிவிட்டார் என்று ஸ்டோர் ரூமிலிருந்து செய்தி வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம்.

அப்போதுதான் காத்தாயியின் வயிறு தெரிய ஆரம்பித்தது.

அவளுக்கு மாதத் தூரம் நின்று வருஷங்கள் ஆகியிருந்தன. துக்கத்தில் உப்பியிருக்கிறாள் என்றோம், காமாலையோ என்றோம். ஆனால் அவள் காம்பராவின் மூலையில் உட்கார்ந்து, மகளுக்கு என்று எடுத்து வந்த அந்தக் குஞ்சுக்கு ஈர்க்குச்சி நுனியால் இரை ஊட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குஞ்சு வளர வளர வயிறு வளர்ந்தது. மெஷின் எடுத்தது முளைக்கும். அவள் உடம்பிலிருந்து வந்த உடம்பைத்தானே மெஷின் எடுத்தது, அது வேறு எங்கே முளைக்கும்?

செய்தி துரைக்குப் போனது. அவர் வெற்றிலை பாக்கு பழத்தோடு காம்பராவுக்கே வந்து, காத்தாயியைப் பார்த்துக் கும்பிட்டார், அவர் கண் கலங்கியிருந்தது என்பது உண்மை. பிறகு கேட்டுக்கு வந்தார்.

"யாரும் சாகலையேம்மா. அந்தப் பொண்ணு வரப்போகுது. அப்ப எதுக்கு ஸ்டிரைக்?" என்றார்.

"செத்துப் புதைச்சோம் தொரை. நாந்தான் மண்ணு போட்டேன்" என்றாள் அந்தோணியம்மா.

"சரி. நான் வம்பு பண்ணல. அவங்க அம்மா தலைமுழுகட்டும். பொண்ணு போயிட்டான்னு அவங்க வாயால சொல்லட்டும். சாயங்காலமே மூடியை மாட்டிடுறேன், மாரியம்மா சத்தியம்."

கல்யாணமாகாத பெண் செத்தால் எங்களில் பெரிய சடங்கு கிடையாது. ஒரு படையல், பெற்றவள் பெயரைச் சொல்லித் தண்ணீர் விட்டுத் தலைமுழுகுவாள், அத்தோடு சரி. பெற்றவள் தலைமுழுகாதவரை அந்தப் பெண்ணை வீட்டை விட்டுப் போனவளாகக் கணக்கில் வைக்க மாட்டோம், தட்டில் அவளுக்கு ஒரு பங்கு சோறுகூட எடுத்து வைப்போம். காத்தாயி அதுவரை தலைமுழுகவில்லை. நாங்களும் கேட்கவில்லை, வயிறு எரிகிறவளிடம் யார் போய்க் கேட்பது? இப்போது கேட்டாக வேண்டும். தலைமுழுகுகிறவள் பல்லியையும் காட்டில் விட்டுவிட வேண்டும், அது துரை சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்தது.

அந்தோணியம்மா போனாள், நாங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். காத்தாயி எழுந்திருக்கவில்லை. மடியில் டப்பா இருந்தது.

"எதுக்கு வந்தீங்கன்னு தெரியும்க்கா" என்றாள்.

"தெரிஞ்சா நான் ஒண்ணும் சொல்லல."

"சொல்லுங்க. வந்த வேலையைச் சொல்லாமப் போகாதீங்க."

அந்தோணியம்மா தரையில் உட்கார்ந்தாள். "மூடி வந்துரும் காத்தாயி. நீ ஒரு சொம்புத் தண்ணி ஊத்துனா போதும். உன் தொட்டில்ல கிடக்குதே இதுங்க, நாளைக்கு இதுங்கதான் அந்த மெஷின்ல நிக்கும்."

"இவங்க ஆத்தா அப்பனுக்கெல்லாம் கை குடுத்தேனே. யாருகிட்டயாவது மாட்டேன்னு சொன்னேனா? ஒரு நாளு, ஒரு ஆளுகிட்ட?"

"சொல்லல."

"அன்னிக்கு எம்புள்ள சாக்கு மேல கிடக்கயில ஒருத்தனாச்சும் ஜீப்பை எடுத்தானா?"

அந்தோணியம்மா திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். நாங்கள் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டோம். அவள் காத்தாயி பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள், "வந்து எங்க போவா? சொல்லு. மூடி இல்லாத அதே மெஷினுக்குத்தானே?"

"நான் விட மாட்டேன். கீழ கூட்டிட்டுப் போயிருவேன். வந்த அன்னிக்கே பஸ் ஏறிருவேன்" என்றாள் காத்தாயி. வயிற்றில் கை வைத்தாள். "உள்ள உதைக்குதுக்கா. இதை வச்சுக்கிட்டு நான் எப்படித் தலைமுழுகுவேன்? நீங்க முழுகுவீங்களா? உங்க மகளா இருந்தா முழுகுவீங்களா?"

அந்தோணியம்மா அழுதுகொண்டே எழுந்து வந்தாள். எங்களைப் பார்த்து, போங்கடா, போய் வேலையைப் பாருங்க என்று மட்டும் சொன்னாள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒரே அர்த்தத்தில் எடுத்துக்கொண்டோம். உலைகள் காலியாக இருந்தன. முற்றிய செடிகளை வெட்டிச் சரிசெய்து, ரோலரை ஓட்டினோம். துடைத்து வைத்த மூடி மறுபடி சுவரில் சாய்ந்து நின்றது.

ரேணுகா பங்குனி வெயிலில், பகலில் பிறந்தாள். பிரசவம் பார்த்தவள் சொன்னது, வந்தது கைக்குழந்தை இல்லை, ஒரு முழ நீளத்தில் முழுப் பெண், மார்பும் இடுப்பும் நீண்ட கூந்தலும், கன்னத்தில் அம்மைத் தழும்பு உட்பட எல்லாம் இருந்தது, அழவில்லை. தோல் வெளுத்து ஈரமாக இருந்தது. காத்தாயி அவளை நனைத்த துணியில் சுற்றி, குளிர்ந்த கஞ்சி ஊட்டி, வெயில் படாத மூலையில் படுக்க வைத்தாள். வெறுங்கையால் தொட்டால் பிள்ளை முகம் சுளித்தது, அதனால் பெற்றவள் தன் கையை ஊற்றுத் தண்ணீரில் ஊறவைத்து ஊறவைத்துத்தான் மகளைத் தொட்டாள். காலையில் பார்த்ததைவிட மாலையில் வளர்ந்திருந்தாள். நாங்கள் பார்க்கப் போனோம், வெறுங்கையோடு போகாமல் வாழைப்பழம் கொண்டுபோனோம். அவள் எங்களைப் பார்த்தாள், ஆனால் யார் என்று தெரிந்த பார்வை இல்லை. "பேச்சு வரலை. உசரம் வந்ததும் வந்துரும்" என்றாள் காத்தாயி. தகரப் பெட்டியில் இரண்டு பேர் துணியும் மடித்து வைத்திருந்தாள், சித்தி வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள், மகள் நடக்கிற நாளில் முதல் பஸ் என்று எல்லாருக்கும் சொன்னாள். இத்தனை நாளுக்கப்புறம் அவள் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. அந்தோணியம்மாகூட ஒரு புடவை எடுத்துக் கொடுத்தாள்.

பழைய உயரம் வந்த காலையில் ரேணுகா பாயில் எழுந்து உட்கார்ந்தாள். காத்தாயி கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். ரேணுகா அவளைப் பார்த்து வாய் திறந்தாள்.

"அம்மா, சங்கு ஊதிருச்சா?"

காத்தாயி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "இல்லடா. ஊதல. இன்னிக்கு லீவு. நம்ம ஊருக்குப் போறோம், பஸ்சு வருது, சித்தி வீட்டுக்கு."

பேக்டரியில் சங்கு ஊதியது. மலை முழுக்கக் கேட்கிற சங்கு அது, கதவைச் சாத்தியும் அதை அடைக்க முடியாது. ரேணுகா எழுந்து நின்றாள், கூந்தலை அள்ளி முடிந்தாள், ஆணியில் மாட்டியிருந்த பேக்டரி சட்டையை எடுத்துச் சேலைக்கு மேல் போட்டாள். காத்தாயி கதவில் முதுகைச் சாய்த்து இரண்டு கையையும் விரித்து நின்றாள். அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டாள், சித்தி பேர் சொன்னாள், நர்சிங் என்றாள், மாரியம்மா என்றாள், அதில் ஒன்றும் அந்தப் பெண்ணுக்குள் போகவில்லை. மெஷின் எடுத்ததுதான் திரும்ப வரும். மெஷின் எடுத்தது ரோலர் பக்கத்தில் நின்ற ரேணுகாவை, அவள் மட்டும்தான் வந்திருந்தாள். ரேகையில்லாத குளிர்ந்த உள்ளங்கையால் அவள் தாயின் கன்னத்தைத் தொட்டு, கோபமில்லாமல், "நேரமாச்சும்மா" என்று சொல்லி, அவளைக் கதவிலிருந்து மெல்ல விலக்கினாள்.

நாங்கள் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவள் பாதையில் இறங்கி வந்ததும் வரிசையில் இடம் விட்டோம். வா ரேணுகா என்று யாரோ சொன்னார்கள். பின்னால் காத்தாயி கூப்பிட்டுக்கொண்டே ஓடி வந்தாள், வளைவுவரை வந்தாள், அங்கே மூச்சு வாங்கி நின்றுவிட்டாள். அன்று எஸ்டேட்டுக்கு வந்த பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது.

காத்தாயி காம்பராவுக்குத் திரும்பினாள் என்று தொட்டில் பிள்ளையை விட வந்தவள் சொன்னாள். வந்ததும் சட்டிகளைத் திறந்து, அன்று பொரிந்த குஞ்சுகளில் துடியான ஒன்றைத் தேடினாளாம். காலி டப்பாவில் பாசியைப் பிழிந்து பரப்பி அதில் விட்டாளாம். பிறகு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பேக்டரி பக்கம் பார்த்து உட்கார்ந்தாள், ஷிப்டுக்கு நடுவில் மெஷின் சத்தம் எப்போது நிற்கும் என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.